கண்ணில் பட்ட கீறல்: அன்றே கவனித்தால் அச்சமில்லை

அறுவடை நாட்களில் பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள களங்களில் கேழ்வரகுக் கதிரும் சோளத் தட்டும் குவிந்து கிடக்கும். ஒருபுறம் கதிரடிப்பு, மறுபுறம் தூற்றல். காற்று எப்பக்கம் வீசுகிறதோ அப்பக்கமெல்லாம் உமியும் தூசியும் பறக்கும். வேலையில் மூழ்கியிருப்பவரின் கண்ணில் சிறு துரும்பு ஒன்று வந்து விழுகிறது. அவர் தோளிலிருக்கும் துண்டின் முனையால் கண்ணைக் கசக்கிவிட்டு, கண்ணீர் வழிய வழியத் தொடர்ந்து வேலை செய்கிறார். மாலையில் கண் சிவக்கிறது. இரவில் உறுத்துகிறது. "காலையில் சரியாகிவிடும்" என்று படுத்துவிடுகிறார்.

பெரும்பாலோருக்கு அது சரியாகிவிடுவது உண்மையே. ஆனால் சிலருக்குச் சரியாவதில்லை. அச்சிலரில் ஒருவராக நம் சங்கத்து அங்கத்தினர் எவரும் ஆகிவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம். கை காலில் பட்ட காயம் தழும்பாக ஆறினால் வேலைக்குத் தடையில்லை. கண்ணின் நடுவே விழும் தழும்போ பார்வையையே மறைத்துவிடும். நூலிழை அறுந்த இடத்தைக் கண்டு முடிய வேண்டிய நெசவாளருக்கும், பயிரில் பூச்சி விழுந்ததைக் கண்டறிய வேண்டிய உழவருக்கும் கண்ணே முதல் கருவி. அது பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ள இயலாது.

கருவிழிப் படலம் என்பது யாது?

கைக்கடிகாரத்தின் முகப்பை ஒரு கண்ணாடி மூடியிருப்பதுபோல, நம் கண்ணின் கரிய பகுதியை ஒரு தெளிவான படலம் மூடியிருக்கிறது. அதையே இங்குக் கருவிழிப் படலம் என்கிறோம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 11 அல்லது 12 மில்லிமீட்டர். நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லியதாயினும் அது பல அடுக்குகளால் ஆனது. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது மேற்தோல் அடுக்கு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே இருக்கும்.

இப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் அது கண்ணாடிபோல் தெளிவாக இராது. ஆகவே தனக்கு வேண்டிய பிராண வாயுவைக் காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் பெறுகிறது. ஆனால் நரம்பு முனைகள் இதில் மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. உடம்பின் தோலைக் காட்டிலும் பல நூறு மடங்கு உணர்ச்சி மிக்க இடம் இது. ஒரு தூசி பட்டாலும் நாம் துடித்துப் போவதற்குக் காரணம் இதுவே. இந்த வலியைப் பகையென்று எண்ண வேண்டாம். அது நமக்குக் காவல்.

மேற்தோல் அடுக்கு மட்டும் உரிந்து போவதே சிராய்ப்பு அல்லது கீறல் எனப்படுகிறது. இந்த அடுக்குக்கு ஓர் அரிய ஆற்றல் உண்டு. சுற்றிலும் உள்ள நல்ல அணுக்கள் நகர்ந்து வந்து, உரிந்த இடத்தை மூடிக்கொள்கின்றன. சிறிய கீறலாயின் ஒருநாள் முதல் மூன்று நாட்களுக்குள் பெரும்பாலும் தழும்பின்றி ஆறிவிடும். காயம் மேற்தோலைக் கடந்து உள்ளடுக்குவரை சென்றாலோ, கிருமி புகுந்து புண்ணானாலோதான் வெண்மையான தழும்பு நிலைத்துவிடுகிறது. மேற்தோல் என்பது கோட்டை மதில் போன்றது. மதிலில் விரிசல் விழுந்ததும் பகைவன் புகுந்துவிடுவதில்லை. ஆனால் விரிசலை அடைக்குமுன் அவன் புக வழியுண்டு. அந்த இடைவேளையே நாம் கவனிக்க வேண்டிய நேரம்.

கீறல் எவ்வாறு நேர்கிறது?

உழவுத் தொழிலில் இதற்கு வாய்ப்புகள் பல. நெல்லின் சுனை, கரும்புத் தோகையின் விளிம்பு, சோளத் தாள், வேலி முள், மரத்தை வெட்டும்போது தெறிக்கும் சிராய் ஆகியவை கண்ணைக் கீறக்கூடும். பால் கறக்கும்போது மாடு வாலை வீசிக் கண்ணில் அடிப்பதும் உண்டு. சாணமும் மண்ணும் படிந்த அந்த வால்மயிர் ஏற்படுத்தும் கீறல் தென்னாட்டில் கண்புண்ணுக்குக் காரணமாவதைக் கண் வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர்.

நெசவிலும் அபாயம் இல்லாமலில்லை. கஞ்சி போட்டு விறைத்த இழையின் முனை கண்ணில் குத்தலாம். தறியிலிருந்து நாடா தவறித் தெறிக்கலாம். பஞ்சுத் தூசி இமைக்கடியில் தங்கி, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் படலத்தை உராயலாம். தறிக்கு ஆணி அடிக்கும்போதும், கருவிகளைச் சாணை பிடிக்கும்போதும் இரும்புத் துணுக்கு பறந்து வந்து ஒட்டிக்கொள்ளலாம். வீட்டில் மடியிலுள்ள கைக்குழந்தையின் நகம் தாயின் கண்ணைக் கீறிவிடுவதும் மிகச் சாதாரணம்.

இவற்றுள் தாவரப் பொருளால் நேரும் காயத்துக்குத் தனி எச்சரிக்கை தேவை. இலையிலும் தாளிலும் மண்ணிலும் பூஞ்சைக் காளான்கள் வாழ்கின்றன. பியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்பவை அவற்றுள் முக்கியமானவை. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இவை கண்ணில் புகுந்து புண்ணை உண்டாக்குவது குளிர்நாடுகளைவிட அதிகம். 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 284 பேர், அதாவது மூவரில் ஏறக்குறைய இருவர், அதற்கு முன்பு கண்ணில் காயம் பட்டவர்கள். கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாக்டீரியாவால் புண் வந்தவரும் பூஞ்சையால் வந்தவரும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தனர். சிறு காயத்துக்கும் பெரும் புண்ணுக்கும் உள்ள தொடர்பை இக்கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

அறிகுறிகள்

கண்ணில் மண் கிடப்பதுபோன்ற உறுத்தல், ஓயாத கண்ணீர், வெளிச்சத்தைக் கண்டால் கூசுதல், சிவப்பு, இமையைத் திறக்க இயலாமை, சற்றே மங்கலான பார்வை ஆகியவை கீறலின் அறிகுறிகள். துரும்பு வெளியேறிய பின்பும், அது இன்னும் உள்ளே இருப்பதாகவே தோன்றும். உரிந்த இடத்தில் இமை உராய்வதே இதற்குக் காரணம்.

நல்ல வழியில் ஆறும் கீறலில் வலி மணிக்கு மணி குறைந்துவரும். மாறாக, ஒருநாள் கழிந்தும் வலி கூடினாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றினாலும், பீளை மிகுந்தாலும், பார்வை மேலும் மங்கினாலும் கிருமி புகுந்துவிட்டதென்றே கொள்ள வேண்டும். பூஞ்சைப் புண் மெல்ல வளரும் இயல்புடையது. முதலில் வலி தணிந்ததுபோல் இருந்து, சில நாட்களுக்குப் பின்னர், சில வேளைகளில் வாரங்களுக்குப் பின்னர்கூடத் தலைகாட்டும். ஆகவே இலையோ தாளோ முள்ளோ பட்டவர், "ஆறிவிட்டது" என்று தாமே முடிவு செய்துகொள்ளாமல் மறுமுறையும் வைத்தியரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

முதலாவது, கண்ணைக் கசக்கக் கூடாது. கசக்கினால் துரும்பு மேலும் ஆழமாக உராயும். கையைச் சோப்பிட்டுக் கழுவியபின், தூய நீரைக் கண்ணில் மெல்ல ஊற்றி, பலமுறை இமைக்க வேண்டும். காய்ச்சி ஆறிய நீராயின் நன்று. கழனித் தண்ணீரும் கால்வாய்த் தண்ணீரும் உதவா. ஒட்டு லென்ஸ் அணியும் இளைஞர்கள் அதை உடனே எடுத்துவிட வேண்டும். புண் முற்றும் ஆறும்வரை மீண்டும் அணியலாகாது.

நீரில் கழுவியும் துரும்பு போகவில்லையாயின் அதைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம். துணி முனை, தீக்குச்சி, ஊசி இவற்றைக் கொண்டு எடுப்பதும், நாக்கால் துழாவி எடுப்பதும், வாயால் ஊதி எடுப்பதும் நம் கிராமங்களில் வழக்கமாக இருந்து வந்தவை. அன்புடன் செய்யும் உதவியாயினும், வாயிலுள்ள கிருமிகளைக் கண்ணுக்கு மாற்றும் வழி அது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும் அவ்வாறே. அவை கிருமியற்ற பொருள்கள் அல்ல. நம் முன்னோர் வேறு வழியின்றிச் செய்தார்கள். வழி இருக்கும் காலத்தில் நாம் அதைத் தொடர வேண்டுவதில்லை.

மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் சொட்டு மருந்து மற்றோர் அபாயம். சிவந்த கண்ணை ஒரே நாளில் வெளுக்கச் செய்யும் சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பை மட்டும் மறைத்துவிட்டு, உள்ளே பூஞ்சை தழைத்து வளர இடங்கொடுக்கும். அடுத்த வீட்டாருக்குக் கொடுத்த மருந்தும், சென்ற ஆண்டு திறந்து வைத்த புட்டியும் கூடவே கூடாது. வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வைத்தியர் பரிசோதனைக்காக ஒருமுறை விடுவார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தொடர்ந்து விட்டால் புண் ஆறாமல் படலமே கரைந்துபோகக்கூடும்.

முன்னாளில் கண்ணில் கீறல் என்றால் பஞ்சு வைத்து இறுகக் கட்டிவிடுவார்கள். கட்டுவதனால் சாதாரணக் கீறல் விரைந்து ஆறுவதில்லை என்பது பிற்கால ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. தாவரப் பொருள் பட்ட கண்ணைக் கட்டுவது கிருமிக்கு வெதுவெதுப்பான வீடு அமைத்துக் கொடுப்பதாகவும் முடியலாம்.

வைத்தியர் என்ன செய்வார்?

புளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் இட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார். மேற்தோல் உரிந்த இடம் மட்டும் பச்சை நிறமாக ஒளிரும். சாயத்தொழில் அறிந்த நெசவாளர்களுக்கு இது எளிதில் விளங்கும்: மேற்தோல் முழுதாக உள்ள இடத்தில் சாயம் பிடிப்பதில்லை, உரிந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது. மேலிமையைப் புரட்டி, அங்கே துரும்பு ஒட்டியிருந்தால் எடுத்துவிடுவார். இரும்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் அதையும் அதைச் சுற்றிப் படிந்த துருவையும் நீக்குவார்.

பிறகு பாக்டீரியாவைத் தடுக்கும் களிம்போ சொட்டு மருந்தோ கொடுப்பார். வலிக்கு மாத்திரை தருவார். மறுநாள் வந்து காட்டச் சொல்வார். அந்த மறுநாள் வருகையைத் தவறவிடலாகாது. புண்ணாகிவிட்டது என்று ஐயம் தோன்றினால், புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் ஆராய்வார். பூஞ்சையின் இழைகள் உண்டா என்பதைச் சிறிது நேரத்திலேயே அறியலாம். அது பூஞ்சையாயின் நாட்டமைசின் என்னும் சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கொரு முறை விட்டு, வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுக் கண் மருத்துவமனைகளும் பங்குகொண்டு, 2013-இல் முடிவு வெளியான ஓர் ஆராய்ச்சி, புதிய மருந்தான வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசினே இழைப்பூஞ்சைப் புண்ணுக்குச் சிறந்தது என்று காட்டிற்று. மூன்று நாள் களிம்பில் தீர்ந்திருக்க வேண்டியது, மாதக்கணக்கான சிகிச்சையாக விரிவது இவ்வாறுதான்.

பக்தபூரும் மதுரையும் கற்பித்த பாடம்

நேபாள நாட்டில் பக்தபூர் என்ற மாவட்டம் உண்டு. அங்கே 34,902 மக்களிடையே, கிராம ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து ஒரு சோதனை நடத்தினார்கள். கண்ணில் அடிபட்டவர் ஊழியரிடம் வந்தால், சாயமிட்டுப் பார்த்து, கீறல் இருந்தால் 1 சதவீதக் குளோராம்பெனிக்கால் களிம்பை நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாட்களுக்கு இட்டார்கள். அவ்வாறு சிகிச்சை பெற்ற 442 பேரில் 424 பேருக்குப் புண் உண்டாகாமலே ஆறியது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. இம்முடிவு 2001-இல் வெளியாயிற்று. தாமதித்து வந்தவர்களிடையேதான் புண் தோன்றிற்று என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பின்பு நம் மதுரை மாவட்டத்திலும் இதைச் செய்து பார்த்தார்கள். 48,039 மக்களை 15 கிராம ஊழியர்கள் 18 மாதங்கள் கவனித்துவந்தனர். கீறலுக்குச் சிகிச்சை பெற்ற 374 பேரில் 368 பேருக்கு எவ்விதச் சிக்கலுமின்றி ஆறியது. இது வெளியான ஆண்டு 2006. பாதிப்பேருக்குப் பூஞ்சை மருந்தும் சேர்த்தும், பாதிப்பேருக்குச் சேர்க்காமலும் கொடுத்துப் பார்த்ததில், இரு சாராரிலும் பெரும்பாலோர் நலமாகவே ஆயினர். பொழுதோடு மேற்தோல் மூடிக்கொண்டால் பூஞ்சைக்கும் வாயில் அடைபட்டுவிடுகிறது.

நேபாளத்திலேயே பின்னர் நடந்த மிகப் பெரியதொரு சோதனையில், ஊழியர்களை அமர்த்திய ஊர்களிலும் அமர்த்தாத ஊர்களிலும் புண்ணின் எண்ணிக்கை பெரிதும் வேறுபடவில்லை. ஆகையால் ஊழியரை நியமித்துவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. அடிபட்டவர் தாமே எழுந்து, காலத்தில் வர வேண்டும். களிம்பு எவ்வளவு நல்லதாயினும், வராதவர் கண்ணை அது காப்பதில்லை.

ஆறியபின் மீண்டும் உரிதல்

சிலருக்கு மற்றொரு தொல்லை உண்டு. கீறல் ஆறி வாரங்களோ மாதங்களோ ஆகியிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் கண் திறந்ததும் ஊசி குத்தினாற்போல் வலிக்கும்; கண்ணீர் பெருகும்; சில மணி நேரத்தில் தணியும். சில நாள் கழித்து மீண்டும் வரும். இதைக் கண்டு, "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று மருள்வோரும் உண்டு.

காரணம் எளிது. மேற்தோல் மூன்று நாளில் மூடிக்கொண்டாலும், அது அடியிலுள்ள அடுக்கோடு உறுதியாகப் பற்றிக்கொள்ள வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. புதிதாகப் பூசிய சுவர் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே பிடிப்பு ஏறாததுபோல என்று கொள்ளலாம். இரவில் கண்ணீர் சுரப்பது குறைவதால், இமை அந்த இளந்தோலின்மீது ஒட்டிக்கொள்கிறது. திடீரென்று கண் திறந்ததும் தோல் இமையோடு பெயர்ந்துவிடுகிறது. நகம், காகித ஓரம், இலை விளிம்பு போன்றவற்றின் கீறலுக்குப் பின் இது மிகுதியாகக் காணப்படுகிறது. காயமின்றி, படலத்தின் பிறவிக் குறையாலும் சிலருக்கு வருவதுண்டு.

இதற்கும் சிகிச்சை உண்டு. பகலில் செயற்கைக் கண்ணீரும், படுக்கும்போது வழவழப்பான களிம்போ உப்புச் செறிந்த களிம்போ சில மாதங்கள் இடச் சொல்வார்கள். வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதே பலர் செய்யும் பிழை. விழித்ததும் சட்டென்று கண் திறவாமல், மூடிய இமைக்குள்ளே விழியை மெல்ல அசைத்தபின் திறப்பது நலம். இவற்றால் தீராவிட்டால், மெல்லிய லென்ஸை மருந்துக்கட்டுப்போல் அணிவித்தல், தளர்ந்த தோலைச் சுரண்டிச் சீராக்குதல், லேசர் சிகிச்சை ஆகிய வழிகளும் இருக்கின்றன.

சுண்ணாம்பும் காரமும்

சாயப் பட்டறையில் காஸ்டிக் சோடா, வீட்டில் சுண்ணாம்பு, வயலில் பூச்சி மருந்து இவை கண்ணில் பட்டால் அது கீறலன்று, வெந்த புண். இங்கே நிமிடங்களே முக்கியம். வைத்தியரைத் தேடி ஓடுமுன்னரே, கிடைக்கும் நீரால் இமையை விரித்துப் பிடித்து, அரைமணி நேரம் விடாமல் கழுவ வேண்டும். இங்கு மட்டும் காய்ச்சிய நீருக்காகக் காத்திருக்கலாகாது. பிறகே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கூர்மையான பொருள் குத்திக் கண்ணிலிருந்து நீர் ஒழுகினாலும், பாப்பா வடிவம் மாறினாலும், சுத்தியலடியில் துணுக்கு பாய்ந்தாலும், கண்ணைக் கழுவவோ அழுத்தவோ கூடாது. அழுத்தம் படாதபடி ஒரு கிண்ணத்தை மேலே கவிழ்த்துக் கட்டி, 108-ஐ அழைத்து உடனே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

தனியொருவர் செய்யத் தயங்குவதைப் பலர் சேர்ந்து எளிதில் செய்வதே கூட்டுறவின் பயன். விதையும் நூலும் மொத்தமாக வாங்குகிறோம். அதுபோலவே பக்கங்களை மூடிய பாதுகாப்புக் கண்ணாடிகளை மொத்தமாக வாங்கி, கதிரடிக்கும் நாட்களிலும் கரும்பு வெட்டும் நாட்களிலும் அங்கத்தினருக்குத் தரலாம். சாயப் பட்டறையில் கண் கழுவத் தூய நீர்த் தொட்டி ஒன்று எப்போதும் நிரம்பியிருக்கச் செய்யலாம். "கண்ணில் பட்டதா? கசக்காதே, கழுவு, இன்றே காட்டு" என்று தறிக்கூடத்திலும் களத்திலும் எழுதிவைக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. கூலி போய்விடுமே என்ற அச்சத்தால்தான் பலர் முதல் நாள் வைத்தியரிடம் போவதில்லை. ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் ஈடு செய்ய ஒரு சிறு நிதியைச் சங்கம் ஒதுக்கிவைத்தால், ஒரு குடும்பத்தின் பல்லாண்டு வருவாய் காக்கப்படும்.

புண் முற்றித் தழும்பு விழுந்துவிட்டால் எஞ்சிய வழி, இறந்தவர் ஒருவரின் கருவிழிப் படலத்தை மாற்றிப் பொருத்துவதே. சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையில் 1945-இல் இந்தியாவின் முதல் கண் வங்கி தொடங்கியது. அச்சிகிச்சை எத்தனையோ பேருக்கு ஒளி அளித்துவருகிறது. ஆயினும் கொடுப்போர் குறைவு, காத்திருப்போர் அதிகம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை அளிக்க நம் குடும்பத்தார் முன்வருவதும் ஒரு பெருங்கொடையே.

கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பது நம் பெரியோர் வாக்கு. கண்ணில் துரும்பு விழுந்தது எவர் குற்றமுமன்று. அன்று மாலைக்குள் வைத்தியரிடம் காட்டிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. இவ்விதழைப் படித்து முடித்ததும், படிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் வயலில் உடன் உழைப்போருக்கும் இதைச் சொல்லுங்கள். அடுத்த அறுவடையில் உங்கள் சொல்லால் ஒருவர் கண் தப்பினாலும் அது போதும்.